மலை மெதுவாக, மரம் வேகமாக: அகப்பக்கத்தில் ஆழம் காட்டும் வித்தை

கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் இடிஎஸ் ரயிலில் சன்னலோர இருக்கை கிடைத்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் கம்பங்கள் கண்ணை இமைப்பதற்குள் பின்னால் ஓடிவிடும். அவற்றுக்கு அப்பால் இருக்கும் செம்பனை மரங்கள் சற்று நிதானமாக நகரும். ஈப்போ பக்கம் தெரியும் சுண்ணாம்புக்கல் மலைகளோ நம்மோடு கூடவே வருவதுபோல் மெல்ல மெல்லப் பின்வாங்கும். ரயிலின் வேகம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும் வேகங்கள் மூன்று.

எது அருகில் இருக்கிறது, எது தொலைவில் இருக்கிறது என்று நமது மூளை கணக்குப் போட இந்த வேக வேறுபாடும் உதவுகிறது. இதற்குப் பெயர் பாராலக்ஸ். தமிழில் இடமாறு தோற்றம் என்பார்கள். அளவுகோலை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்து அளந்தால் ‘ராலாட் பாராலக்ஸ்’ என்று இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் திருத்துவாரே, அதே பாராலக்ஸ்தான். 1838-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வானியலாளர் ஃபிரெட்ரிக் பெசல், சூரியனைத் தவிர்த்த ஒரு விண்மீனின் தூரத்தை நம்பகமாக அளந்து வெளியிட்டதும் இதே தத்துவத்தைக் கொண்டுதான்.

இன்று அந்தத் தத்துவம் நமது கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. ஓர் அகப்பக்கத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளும்போது எழுத்துகள் வேகமாகவும் பின்னணிப் படம் மெதுவாகவும் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான திரைக்குள் ஆழம் இருப்பதுபோல் தோன்றும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் முதலில் செய்து பார்க்க ஆசைப்படும் வித்தைகளில் இதுவும் ஒன்று. புதிதாக அகப்பக்கம் செய்யக் கொடுக்கும் கடைக்காரர்களும் “அந்தப் பக்கத்தில் படம் நகர்கிறதே, அதுபோல வேண்டும்” என்று கேட்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் பத்துப் பதினைந்து வரி எழுதினால் படம் நகர்ந்துவிடும். ஆனால், எப்போது நகரக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வேலை முடிந்ததாகப் பொருள். காரணம், இந்த வித்தை சிலருக்கு அழகு, சிலருக்குத் தலைச்சுற்றல்.

கண்ணாடித் தட்டிலிருந்து கைப்பேசிக்கு

இந்த உத்தி கணினிக்கு முன்பே பிறந்தது. வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் 1930-களில் பல அடுக்குக் கேமரா ஒன்றை உருவாக்கினார்கள். வானம், மலை, மரம், வீடு ஆகியவற்றைத் தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கி, மேலிருந்து படம் பிடித்தார்கள். ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்த்தியபோது ஓவியத்துக்குள்ளே நுழைந்து செல்வதுபோன்ற உணர்வு கிடைத்தது. 1937-இல் வெளிவந்த ‘தி ஓல்ட் மில்’ என்ற குறும்படத்திலும், அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘ஸ்னோ வைட்’ படத்திலும் இதைக் காணலாம்.

1982-இல் ஜப்பானின் ஐரெம் நிறுவனம் வெளியிட்ட ‘மூன் பேட்ரோல்’ என்ற வீடியோ விளையாட்டில், நிலவின் தரை வேகமாகவும் பின்னால் உள்ள மலைகள் மெதுவாகவும் நகர்ந்தன. அதன்பின் எத்தனையோ விளையாட்டுகள் அந்த வழியைப் பின்பற்றின.

அகப்பக்கங்களில் இது பரவியது 2011 வாக்கில்தான். நைக்கி நிறுவனத்தின் ‘பெட்டர் வேர்ல்ட்’ என்ற பக்கம் அந்த ஆண்டில் வடிவமைப்பாளர்களின் கண்ணைக் கவர்ந்தது. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், பனிச்சரிவு விபத்து ஒன்றைப் பற்றி ‘ஸ்னோ ஃபால்’ என்ற நீண்ட கட்டுரையை இணையத்தில் வெளியிட்டது. படிக்கப் படிக்கப் படங்களும் காணொளிகளும் வரைபடங்களும் உயிர்பெற்று எழுந்தன. அக்கட்டுரை 2013-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதைத் தொடர்ந்து, ‘உருட்டினால் நகரும்’ பக்கங்கள் உலகெங்கும் பெருகின.

மூன்று அடுக்கு, ஒரு பெருக்கல்

சரி, இதை எப்படிச் செய்கிறார்கள்? கணினி படிக்காதவர்களுக்கும் புரியும் கணக்குத்தான்.

ஒரு சுற்றுலா நிறுவனம் கேமரன் மலைக்கு ஆள் கூட்டிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முகப்பில் மூன்று அடுக்குகள். பின்னால் மலை, நடுவில் மரங்கள், முன்னால் எழுத்து. உலாவி என்பது இயல்பாக மூன்றையும் ஒரே வேகத்தில்தான் நகர்த்தும். நீங்கள் 300 பிக்சல் தூரம் உருட்டினால் மூன்றும் 300 பிக்சல் மேலே போகும். ஜாவாஸ்கிரிப்ட்டின் வேலை, பின்னால் உள்ளவற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதுதான்.

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேக எண் கொடுக்கிறோம். எழுத்துக்கு 1, மரங்களுக்கு 0.6, மலைக்கு 0.2. அப்படியானால் 300 பிக்சல் உருட்டும்போது எழுத்து 300 பிக்சலும், மரங்கள் 180 பிக்சலும், மலை 60 பிக்சலும் மட்டும் மேலே போக வேண்டும். ஆகவே நிரல் மரங்களை 120 பிக்சலும் மலையை 240 பிக்சலும் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. உருட்டிய தூரத்தை, ஒன்றிலிருந்து வேக எண்ணைக் கழித்து வரும் தொகையால் பெருக்கினால் தள்ள வேண்டிய அளவு கிடைத்துவிடும். அடிப்படைச் சூத்திரம் இவ்வளவுதான்.

புதிதாகச் செய்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கணக்கு பக்கத்தின் உச்சியில் உள்ள படத்துக்குச் சரியாக வரும். பக்கத்தின் நடுவில் இருக்கும் படத்துக்கும் அதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? அங்கே வந்து சேர்வதற்குள் 3,000 பிக்சல் உருட்டியிருப்போம். வேக எண் 0.2 என்றால் படம் 2,400 பிக்சல் கீழே தள்ளப்பட்டுச் சட்டத்தை விட்டே வெளியேறிவிடும். அங்கே வெறும் வெள்ளைதான் தெரியும். ஆகவே நடுப்பகுதிப் படங்களுக்கு, பக்கத்தின் உச்சியிலிருந்து அளக்காமல், அந்தப் பகுதி திரைக்குள் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும். படத்தையும் அதன் சட்டத்தைவிட உயரமாகத் தயாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலோ கீழோ இடைவெளி விழும்.

மண்டபத்தில் நாற்காலி அடுக்கும் கதை

மேசைக் கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடும் பக்கம், விலை குறைந்த கைப்பேசியில் திக்கித் திணறுவதைப் பார்க்கிறோம். கணக்குச் சரிதான். அதைச் செய்யும் முறையில்தான் கோளாறு.

பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒருமுறை வரைய சுமார் 16.7 மில்லிவினாடிதான் அவகாசம். வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை என்றால் சுமார் 8.3 மில்லிவினாடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் அந்தச் சட்டகம் தவறிப்போகும். அதைத்தான் நாம் ‘ஜெர்க்’ அடிப்பதாக உணர்கிறோம்.

விரல் உருளும்போது உலாவி ‘உருட்டியாயிற்று’ என்று விடாமல் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் எல்லாப் படங்களையும் நகர்த்த முயன்றால் திணறல்தான் மிச்சம். நல்ல நிரல், தகவல் வரும்போது ‘இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம்’ என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். திரை அடுத்த முறை வரையத் தயாராகும் வேளையில்தான் படங்களை நகர்த்தும். இதற்காகவே ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்’ என்ற வசதி இருக்கிறது.

எதைக் கொண்டு நகர்த்துகிறோம் என்பதும் முக்கியம். ஒரு பொருளின் ‘டாப்’ அளவை, அதாவது மேலிருந்து உள்ள தூரத்தை, மாற்றி நகர்த்தலாம். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ மூலமும் நகர்த்தலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதல் முறை, கல்யாண மண்டபத்தில் ஒருவர் இடம் மாறியதற்காக எல்லா நாற்காலிகளையும் மறுபடி அளந்து பார்ப்பதற்குச் சமம். உலாவி பக்கத்தின் அமைப்பையே திரும்பக் கணக்கிட நேரிடும். இரண்டாவது முறை, மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாவை மட்டும் இழுப்பதற்குச் சமம். உட்கார்ந்திருப்பவர் யாரும் எழ வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த வேலையை வரைகலைச் செயலியே பார்த்துக்கொள்ளும்.

2023 ஜூலையில் வந்த குரோம் 115-ஆம் பதிப்பிலிருந்து, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலேயே, சிஎஸ்எஸ் என்ற அலங்கார மொழியில் எழுதி உருட்டலோடு அசைவை இணைக்கவும் வழி வந்திருக்கிறது. எல்லாக் கைப்பேசிகளிலும் பழைய உலாவிகளிலும் அது இயங்காது என்பதால், அசைவு இல்லாவிட்டாலும் பக்கம் முழுமையாகத் தெரியும்படி எழுதுவதே பாதுகாப்பு.

படங்களின் எடையையும் மறக்கக் கூடாது. மூன்று அடுக்குக்கும் ஆளுக்கு ஒரு மெகாபைட் படம் வைத்தால் மொத்தம் மூன்று மெகாபைட். வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதை இறக்கவே 2.4 வினாடி ஆகும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். மலையும் மரமும் வந்து சேர்வதற்குள்ளேயே அந்த அவகாசம் ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது.

கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

திணறல் என்பது கருவியின் சிக்கல். அதைவிடப் பெரியது உடலின் சிக்கல்.

நமது உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவற்றுள் இருக்கும் திரவத்தின் அசைவு மூளைக்குச் சொல்கிறது. கண்ணும் தன் பங்குக்குத் தகவல் அனுப்புகிறது. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் குழப்பம்.

கெந்திங் மலைச்சாலை வளைவுகளில் காருக்குள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போனால் வயிற்றைக் குமட்டுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். காது ‘நகர்கிறோம்’ என்கிறது. சிறிய திரையில் நிலைத்த கண் ‘இல்லை’ என்கிறது. பாராலக்ஸ் பக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். திரையில் மட்டும் மலையும் மரமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, காது ‘இல்லை’ என்கிறது.

பலருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் உட்செவிக் கோளாறு உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலியோடு தலைச்சுற்றல் வருபவர்கள் ஆகியோருக்குச் சில வினாடி அசைவே போதும். குமட்டலும் தலைவலியும் வெகுநேரம் நீடிக்கக்கூடும். இவர்கள் யாரோ ஒருசிலர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 40 வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைச் சோதனை வைத்தார்கள். மூவரில் ஒருவருக்கு மேல், அதாவது 35.4 விழுக்காட்டினருக்கு, சமநிலை உணர்வில் குறை தெரிந்தது. அவர்கள் எல்லாருக்கும் திரையைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதல்ல பொருள். வயது ஏற ஏற இந்தக் குறை பரவலாகிறது என்பதையே அது காட்டுகிறது. நமது கடைகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் உள்ள அகப்பக்கங்களைத் திறந்து பார்ப்பவர்களில் எத்தனை பேர் அந்த வயதைக் கடந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2013 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7 என்ற மென்பொருளை வெளியிட்டபோது, முகப்புத் திரையில் பாராலக்ஸ் அசைவையும், செயலியைத் திறந்தால் உள்ளே பாய்வதுபோன்ற அசைவையும் சேர்த்திருந்தது. தலைச்சுற்றலும் குமட்டலும் வருவதாகப் பயனீட்டாளர்கள் பலர் புகார் செய்தார்கள். அடுத்த மாதமே வந்த 7.0.3 பதிப்பில், அசைவைக் குறைக்கும் அமைப்பின்மூலம் அந்தப் பாய்ச்சல் அசைவுகளையும் அணைக்க வழி செய்தார்கள்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பெர்டூ பல்கலைக்கழகத்தில் 86 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாராலக்ஸ் உள்ள பக்கம் கூடுதல் வேடிக்கையாக இருந்தது என்றார்கள். பயன்படுத்துவதற்கு எளிதாக இருந்ததா என்ற கேள்வியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இருவருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தன.

அணைக்கத் தெரிந்த நிரல்

நல்ல வேளையாக இதற்குத் தீர்வு இருக்கிறது. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘அக்செசிபிலிட்டி’, அதற்குள் ‘மோஷன்’ பகுதியில் ‘ரெடியூஸ் மோஷன்’ என்பதை இயக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ‘அக்செசிபிலிட்டி’ பகுதியில் அசைவுகளை நீக்கும் வசதி உண்டு. விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. வீட்டில் தலைச்சுற்றலால் அவதிப்படும் பெரியவர்கள் இருந்தால், இன்றே அவர்களின் கைப்பேசியில் இதை அமைத்துக் கொடுக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். கைப்பேசியில் இதை இயக்கிவிட்டால் அகப்பக்கங்களின் அசைவு தானாக நின்றுவிடாது. “இவர் அசைவு வேண்டாம் என்கிறார்” என்ற தகவலை உலாவி கையில் வைத்துக்கொண்டு நிற்கும். அகப்பக்கத்தை எழுதியவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காவிட்டால் மலை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

‘பிரிஃபர்ஸ் ரெடியூஸ்ட் மோஷன்’ என்பது அந்தக் கேள்வியின் பெயர். சஃபாரி உலாவியில் 2017 முதலும், ஃபயர்ஃபாக்ஸில் 2018 முதலும், குரோமில் 2019 முதலும் இது வேலை செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘மேட்ச் மீடியா’ என்ற கட்டளையால் ஒரே வரியில் கேட்டுவிடலாம். ‘ஆம்’ என்று பதில் வந்தால் அடுக்குகளை நகர்த்தும் பகுதியைத் தொடங்கவே கூடாது. படங்கள் அதனதன் இடத்தில் அழகாக நிற்கட்டும். பக்கம் திறந்திருக்கும்போதே ஒருவர் தமது அமைப்பை மாற்றினாலும் உடனே நிற்கும்படி எழுதுவது இன்னும் நல்லது.

2018 ஜூனில் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பும், பயனீட்டாளரின் செயலால் தூண்டப்படும் தேவையற்ற அசைவை அணைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. அதை மிக உயர்ந்த தரநிலையில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் பலரும் கட்டாயமாகக் கருதுவதில்லை. ஆனால் செலவு என்னவோ சில வரிகள்தான்.

தமிழ்ப் பக்கம் என்றால்

தமிழில் அகப்பக்கம் செய்பவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இடம். சந்தையில் கிடைக்கும் பாராலக்ஸ் வார்ப்புருக்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை அளவாக வைத்துச் செய்யப்பட்டவை. ‘கான்டாக்ட் அஸ்’ என்ற இரண்டு சிறு சொற்கள் அடங்கும் இடத்தில் ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று எழுதினால் இடம் போதாது. தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே வளைவும் வருவதால் வரிகளுக்கு இடையேயும் கூடுதல் இடைவெளி தேவை. அடுக்கின் உயரத்தை இத்தனை பிக்சல் என்று கட்டிப்போட்டால் கடைசி வரி வெட்டுப்பட்டுப் போகும். உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப உயரம் வளரும்படி விட வேண்டும்.

இரண்டாவது, எழுத்தை நகரும் அடுக்கில் வைக்காதிருப்பது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதிலேயே சொல் மாறிவிடும் மொழி நமது மொழி. படிக்கிற எழுத்து உருட்டும் வேகத்திலிருந்து விலகி நகர்ந்தாலோ, அதன் பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தாலோ கண் களைத்துவிடும். படம் நகரட்டும், எழுத்து இயல்பான வேகத்தில் போகட்டும். எழுத்துக்குப் பின்னால் ஒற்றை நிறம் இருந்தால் இன்னும் நல்லது.

காசு கொடுப்பவர் கேட்க வேண்டியவை

அகப்பக்கம் செய்யச் சொல்லிக் காசு கொடுப்பவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒப்படைக்கும் நாளில் நான்கு சோதனைகளைச் செய்து பார்த்தால் போதும்.

ஒன்று, வீட்டில் உள்ள மிகப் பழைய கைப்பேசியில், வைஃபையை அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு, கைப்பேசியில் அசைவைக் குறைக்கும் அமைப்பை இயக்கிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். மலை நின்றுவிட வேண்டும், ஆனால் படமும் எழுத்தும் முழுமையாகத் தெரிய வேண்டும். மூன்று, அறுபதைக் கடந்த ஒருவரிடம் கொடுத்து, கடையின் தொலைபேசி எண்ணையும் திறந்திருக்கும் நேரத்தையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். நான்கு, அந்தப் பக்கத்தில் எத்தனை இடத்தில் அசைவு இருக்கிறது என்று எண்ணுங்கள். முகப்பில் ஒன்று இருந்தால் அழகு. ஒவ்வொரு பகுதியிலும் இருந்தால் கறி முழுக்க உப்பு.

வடிவமைப்பாளர் இந்தச் சோதனைகளுக்கு முகம் சுளித்தால், அவர் படத்தை நகர்த்த மட்டும் கற்றிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாராலக்ஸை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். உருட்டல், அளவீடு, திரை வரையும் நேரம், உலாவியின் உள்வேலை என ஜாவாஸ்கிரிப்ட்டின் பல பாடங்கள் இந்த ஒரு பயிற்சிக்குள் அடங்கியிருக்கின்றன. மூன்று படங்களை அடுக்கி, வேக எண்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். 0.2 எப்படி இருக்கிறது, 0.8 எப்படி இருக்கிறது என்று உங்கள் கண்ணே சொல்லும். வேறுபாடு சிறிதாக இருக்கும்போதுதான் ஆழம் இயல்பாகத் தெரியும் என்பதையும் கண்டுகொள்வீர்கள். பிறகு, நகர்த்தும் வரிகளுக்கு மேலே, அசைவு வேண்டாம் என்பவரை விசாரிக்கும் அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

தலை சுற்றியதால் பக்கத்தை மூடிவிட்டுப் போனவர் புகார்க் கடிதம் எழுத மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் ஏன் போனார் என்று கடைக்காரருக்கும் தெரியாது, பக்கத்தைச் செய்தவருக்கும் தெரியாது. அந்த ஒரு வரி இருந்தால் அவர் நின்று படிப்பார்.